பாட்டி விடாத பஞ்சமி

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். மாம்பலத்தில் இருக்கிறீர்கள். உங்கள் பாட்டியின் தம்பி விமானப்படையில் ஃப்ளையிங் ஆபீசர், போர் விமானி. 1971 டிசம்பர் போரில் போனவர், வயது 24. வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு புகைப்படமும் டப்பாவில் சில பதக்கங்களும். தந்தி வந்ததாம், ஆனால் அது இப்போது இல்லை. இறந்த நாள் டிசம்பர் 4 என்கிறார் உங்கள் பெரிய மாமா. பாட்டிக்கு இங்கிலீஷ் தேதி தெரியாது, கார்த்திகை தேய்பிறைப் பஞ்சமி என்று மட்டும் சொல்கிறார். எரிகிற விமானத்தை ஒரு கிராமத்தின் மேல் விழாமல் திருப்பிவிட்டுச் செத்தார் என்று ஒரு கதை, எதிரி விமானத்தின் மேலேயே மோதினார் என்று இன்னொரு கதை. பாட்டி இருக்கும்போதே நாலு பக்கம் எழுதி அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும், ஆவணம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆவணத்துக்கு வழி இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் ஆளுக்கொரு கதை சொல்லும் வீட்டில் எதை அச்சில் ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள், எவ்வளவு தூரம் நம்பலாம் என்று அப்போதுதான் தெரியும். நான் விமானி இல்லை. 1974இல் ஏர்மேனாகச் சேர்ந்து, தாம்பரத்தில் மெக்கானிக்கல் டிரெயினிங் முடித்து, ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கிறவனாக, 20 வருடம் வேலை பார்த்தவன். 1971 போரை நான் பார்க்கவில்லை. அதைப் பார்த்த சார்ஜென்ட்களுக்கும் வாரண்ட் ஆபீசர்களுக்கும் கீழே வேலை பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு சேலையூரில் உட்கார்ந்துகொண்டு, உங்களைப் போலக் கேட்டு வந்த சில குடும்பங்களுக்குக் காகிதம் தேடிக் கொடுத்திருக்கிறேன். அதனால் விமானத்தைப் பற்றியும் காகிதத்தைப் பற்றியும் ஓரளவு உறுதியாகப் பேசுவேன். வானத்தில் கடைசி நிமிடத்தில் ஒரு விமானி என்ன நினைத்தார் என்பதைப் பற்றி எனக்குச் சொல்லத் தகுதியில்லை. யாருக்காவது இருக்கிறதா என்பதே சந்தேகம்தான்.

தேதியிலிருந்து தொடங்கலாம். வீட்டில் எல்லோரும் பாட்டியின் பஞ்சமியை ஒதுக்கிவிட்டு மாமாவின் டிசம்பர் 4ஐப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் என்றால் பஞ்சமியைத்தான் முதலில் எடுப்பேன். 1971 டிசம்பர் 2 பௌர்ணமி. போர் வெடித்தது 3ஆம் தேதி மாலை. டாக்காவில் சரணடைந்தது 16, மேற்கில் துப்பாக்கி ஓய்ந்தது 17, அன்று அமாவாசை. அதாவது அந்தப் போர் முழுக்க ஒரே ஒரு தேய்பிறைக்குள் அடங்கிவிட்டது. திதி ஒன்று தெரிந்தால் தேதி அநேகமாகக் கைக்கு வந்துவிடும். பஞ்சமி என்றால் டிசம்பர் 6 அல்லது 7. நல்ல பழைய பாம்புப் பஞ்சாங்கம் வைத்திருக்கும் வாத்தியார் யாராவது இருந்தால் விரோதகிருது வருஷத்தைப் புரட்டி நாழிகையோடு சொல்லிவிடுவார். டிசம்பர் 4 அன்று பஞ்சமி வர வாய்ப்பே இல்லை. ஒரே ஒரு எச்சரிக்கை. சில வீடுகளில் இறந்த நாளைத் திதியாக வைப்பதில்லை, தகவல் வந்த நாளை வைத்துவிடுவார்கள். உடல் வராத வீடுகளில் இது அதிகம். அப்படி இருந்தால் பஞ்சமி என்பது தந்தி வந்த நாள், மாமா சொல்கிற 4 தான் இறந்த நாள் என்று இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். எனவே பாட்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி "எந்தத் தேதி?" இல்லை. "தந்தி வந்தப்போ திதி குறிச்சது யாரு, எதை வெச்சுக் குறிச்சாங்க?" என்று கேளுங்கள்.

அடுத்து அந்த டப்பா. பதக்கத்தின் முகத்தை எல்லோரும் பார்ப்பார்கள், விளிம்பைப் பார்க்க மாட்டார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில் சர்வீஸ் எண், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். எண்ணோடு எஃப்(பி) என்று இருந்தால் ஃப்ளையிங் கிளை, பைலட் என்று பொருள். அந்த எண்தான் இனி உங்களுக்குச் சாவி. பெயரை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள், அதிலும் நம் ஊர் இனிஷியலை வடக்கே என்ன பாடு படுத்துவார்கள் என்று உங்களுக்கே தெரியும். எண் மாறாது. பதக்கங்களில் பூர்வி ஸ்டார் இருந்தால் அவர் கிழக்கு முனையில் இருந்தவர், பஸ்சிமி ஸ்டார் என்றால் மேற்கு முனை. இரண்டும் 1971 போருக்காகத் தந்தவை, குடும்பத்துக்குப் பிற்பாடு வந்து சேர்ந்திருக்கும். இது ஒன்றே பாதிக் கதைகளை வடிகட்டிவிடும். டப்பாவில் பூர்வி ஸ்டார் இருக்கும்போது மாமா ராஜஸ்தான் பாலைவனத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தால், மாமாவிடம் இன்னொரு காபி கொடுத்துவிட்டு மறுபடி கேட்க வேண்டியதுதான்.

எண் கையில் வந்த பிறகு முதலில் டெல்லியிலுள்ள தேசியப் போர் நினைவகம். 2019 பிப்ரவரி 25 அன்று திறந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாட்டுக்காக உயிர்விட்டவர்கள், திறந்த அன்றைய கணக்கில் 25,942 பேர், கிரானைட் பலகைகளில் பெயர் பொறித்திருக்கிறார்கள். அவர்களுடைய இணையதளத்திலேயே பெயரைத் தேடலாம். அப்புறம் விமானப்படையின் மூத்த வீரர்களுக்கான இயக்ககம், டைரக்டரேட் ஆஃப் ஏர் வெட்டரன்ஸ், டெல்லி சுப்ரதோ பார்க்கில் இருக்கிறது. உறவுமுறைக்குச் சான்று வைத்து, எண்ணைக் குறிப்பிட்டு, பாட்டி பெயரிலேயே எழுதுங்கள். பேரன் எழுதுவதைவிட உடன்பிறந்தவர் கையெழுத்துக்குக் கனம் அதிகம். அதோடு தகவல் உரிமைச் சட்டத்தில் 8(3) என்று ஒரு பிரிவு உண்டு. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலை, சில விதிவிலக்குகள் போக, தரத்தான் வேண்டும் என்கிறது. போர் ஆவணங்களைச் சாதாரணமாக 25 ஆண்டுக்குள் ரகசியப் பட்டியலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று பாதுகாப்பு அமைச்சகமும் 2021இல் ஒரு கொள்கை வெளியிட்டது. கேட்டவுடன் எல்லாம் வந்துவிடாது. பதில் வரவே மாதங்கள் ஆகும், வருவது ஒன்றரைப் பக்கமாக இருக்கும். ஆனால் அந்த ஒன்றரைப் பக்கத்தில் ஸ்குவாட்ரன் (அவர் இருந்த விமானப் பிரிவு) எண்ணும், விமான வகையும், கிளம்பிய தளமும் இருந்தால் போதும், மீதியை அதிலிருந்து பிடிக்கலாம்.

பரணில் இன்னொரு முறை ஏறிப் பாருங்கள். நீங்கள் தேட வேண்டியது லாக் புக். விமானி தன் ஒவ்வொரு பறப்பையும் தானே கைப்பட எழுதிவைக்கும் தடிமனான நோட்டு: தேதி, விமான வகை, விமான எண், என்ன வேலை, எத்தனை நிமிடம். மாதக் கடைசியில் மேலதிகாரி கையெழுத்து. இறந்த பிறகு அவருடைய பெட்டியோடு வீட்டுக்கு வந்திருக்க வாய்ப்புண்டு. பல வீடுகளில் அது ஏதோ ஆபீஸ் கணக்கு நோட்டு என்று நினைத்துப் பழைய பேப்பர்காரரிடம் போட்டிருக்கிறார்கள். கிடைத்தால் கடைசிப் பக்கத்துக்கு ஓடாதீர்கள். முதல் பக்கத்திலிருந்து படியுங்கள். ஹெச்.டி.-2 என்ற பயிற்சி விமானத்தில் முதல் முதலாகத் தனியாகப் பறந்த நாள் அதில் இருக்கும். விமானி பெயர் எழுதும் இடத்தில் இன்ஸ்ட்ரக்டர் பெயர் இல்லாமல் "செல்ஃப்" என்று முதன்முறையாக எழுதியிருப்பார். அந்த நாலு பக்கத்தில் அந்த நாளுக்குக் கட்டாயம் ஓர் இடம் கொடுங்கள்.

இப்போது நான் சொல்ல விரும்புவது. குடும்பங்கள் எல்லாம் கூடப் பறந்த அதிகாரிகளைத் தேடுகின்றன, தரையில் நின்ற ஆட்களை யாரும் தேடுவதில்லை. ஒரு போர் விமானம் கிளம்புவதற்கு முன் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். விமானி நடந்து வருவார். ஃபார்ம் 700 என்று ஒரு பதிவேடு இருக்கும், அதில் நாங்கள் அவரவர் வேலைக்குக் கையெழுத்துப் போட்டிருப்போம். அவர் அதைப் பார்த்து, விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தானும் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொள்வார். ஏணியில் ஏறி உட்காருவார். பின்னாலேயே ஒரு ஏர்மேன் ஏறி, தோள் பட்டைகளை எடுத்துக் கொடுத்து, ஸ்ட்ராப் இறுக்க உதவுவான். இஜெக்‌ஷன் சீட்டின் (ஆபத்தில் விமானியை வெளியே வீசும் இருக்கை) பாதுகாப்பு ஊசிகளை உருவி, ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் காட்டுவான். அவர் தலையாட்டுவார். இவன் இறங்கி ஏணியை எடுத்துவிடுவான். திரும்பி வராத ஒருவரின் முகத்தை அருகில் நின்று கடைசியாகப் பார்த்தது பெரும்பாலும் அந்த ஏர்மேன்தான். அவனுக்கு அப்போது இருபது இருபத்தைந்து வயது. இன்று எழுபதைத் தாண்டி, பலர் எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னுடைய ஸ்குவாட்ரனில் ஒரு சார்ஜென்ட் இருந்தார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 1971இல் அவர் ஸ்ட்ராப் கட்டிவிட்ட ஒரு விமானி திரும்பவில்லை. போரைப் பற்றி அவர் எதுவும் பேச மாட்டார். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார். அன்று காலையில் அந்த விமானியின் இடது கையுறையில் ஆள்காட்டி விரல் நுனி கிழிந்திருந்ததாம். "சார், கிளவ் மாத்திக்கோங்க" என்று இவர் சொன்னாராம். "வந்து ஸ்டோர்ஸ்ல வாங்கிக்கறேன்" என்று அவர் சிரித்தாராம். அவ்வளவுதான். பல வருடம் கழித்து, வேறு ஒரு வேலையாக நான் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் போனபோது, அந்த விமானியின் அக்கா வீடு அது என்று தெரிந்தது. தயங்கித் தயங்கி இதைச் சொன்னேன். அந்த அம்மாள் முதலில் கேட்டது, "எந்தக் கை?" இடது என்றேன். "அவன் இடக்கைக்காரன். ஸ்கூல்ல அடிச்சு அடிச்சு வலது கைக்கு மாத்தினாங்க, ஆனா எதையும் எடுக்கறது இடது கையாலதான்" என்றார். அப்புறம் உள்ளே போய்விட்டார். காபி வர ரொம்ப நேரம் ஆயிற்று. அவர்கள் வீட்டில் சட்டம் போட்ட விருதுப் பத்திரம் இருந்தது, பத்திரிகைத் துணுக்குகள் இருந்தன. எதிலும் அவர் இடக்கைக்காரர் என்று ஒரு வரி இல்லை.

ஆகவே ஸ்குவாட்ரன் எண் தெரிந்ததும் விமானப்படைச் சங்கத்தின் தமிழ்நாடு கிளையைக் கேளுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஏர்மேன்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருப்பார்கள். "1971இல் இன்ன ஸ்குவாட்ரனில் யாராவது இருந்தீர்களா?" என்று ஒரு வாட்ஸப் செய்தி சுற்றினால் ஆள் கிடைக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

சரி, அந்தக் கதைகளுக்கு வருவோம். கிராமத்தின் மேல் விழாமல் திருப்பினார் என்ற கதையை நான் சந்தித்த குடும்பங்களில் பாதிப் பேராவது சொல்லியிருக்கிறார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். விமானிகள் அப்படிச் செய்ததுண்டு. ஆனால் கணக்கைப் பாருங்கள். தரைத் தாக்குதலுக்குப் போகிற விமானம் பனைமர உயரத்துக்குக் கொஞ்சம் மேலே மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் போகும், வினாடிக்கு 220 மீட்டருக்கு மேல். கீழேயிருந்து குண்டு பட்டு, கண்ட்ரோல் போய், தரையைத் தொட இரண்டு மூன்று வினாடி. அந்தக் கால இஜெக்‌ஷன் சீட்டுகளில் பலவற்றுக்குக் குறைந்தபட்ச உயரமோ வேகமோ இருந்தால்தான் பாராஷூட் விரிய அவகாசம் கிடைக்கும். பல மரணங்களில் தேர்வு செய்யவே நேரம் இருந்திருக்காது. பக்கத்தில் பறந்தவர் பார்த்து எழுதிய அறிக்கை இருந்தால் ஒழிய, இதை நடந்ததாக எழுதாதீர்கள். "எங்கள் வீட்டில் இப்படிச் சொல்லிக்கொள்வோம்" என்று எழுதுங்கள். அதில் பொய்யே இல்லை, சொல்லிக்கொண்டது உண்மைதானே. நேருக்கு நேர் மோதிய கதையை இன்னும் தள்ளி வையுங்கள்.

கதை சந்தேகத்துக்குரியது என்பதால் மனிதர் சாதாரணமாகப் போய்ச் சேர்ந்தார் என்று ஆகிவிடாது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. 1965 செப்டம்பர் 7 அன்று ஆதம்பூரிலிருந்து 12 மிஸ்டியர் விமானங்கள் பாகிஸ்தானின் சர்கோதா தளத்தைத் தாக்கப் போயின. குடகைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா அதில் மாற்று ஆளாக வைக்கப்பட்டிருந்தவர், ஒரு விமானம் கோளாறானதால் சேர்ந்துகொண்டார். திரும்பவில்லை. நம் பக்கத்தில் யாரும் எதையும் பார்க்கவில்லை, "காணவில்லை" என்று ஒரு வரியோடு கோப்பு மூடியது. பாகிஸ்தான் தரப்புத் தகவல்களை வைத்து ஓர் ஆங்கிலேயர் 1979இல் எழுதிய புத்தகத்தில்தான் விஷயம் வெளிவந்தது. ஒலியைப் போல இரண்டு மடங்கு வேகம் போகிற பாகிஸ்தானின் ஸ்டார்ஃபைட்டர் விமானம் ஒன்று பின்னால் வந்து தேவய்யாவின் விமானத்தை அடித்திருக்கிறது. அடிபட்ட அந்தப் பழைய மிஸ்டியரை வைத்துக்கொண்டே அவர் திருப்பிச் சண்டை போட்டு ஸ்டார்ஃபைட்டரை வீழ்த்தியிருக்கிறார். அந்தப் பாகிஸ்தான் விமானி குதித்துப் பிழைத்து நடந்ததைச் சொன்னார். 1988இல், 23 ஆண்டு கழித்து, தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா வந்தது. அதனால்தான் எதிர்த்தரப்பு எழுதியதையும் தேடச் சொல்கிறேன். அவர்கள் பெருமைக்காகக் கூட்டிச் சொல்வார்கள், நம்மவர்களும்தான். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற இடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உடல் வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் பாட்டிக்கு அது இன்னும் ஆறாமல் இருக்கலாம். விமானப்படையில் இதுவரை பரம்வீர் சக்ரா பெற்றவர் ஒரே ஒருவர், ஃப்ளையிங் ஆபீசர் நிர்மல்ஜித் சிங் சேகோன். 1971 டிசம்பர் 14, ஸ்ரீநகர் ஓடுபாதையில் குண்டு விழுந்துகொண்டிருக்கும்போது நாட் விமானத்தைக் கிளப்பிக்கொண்டு போய் பாகிஸ்தானின் சேபர் விமானங்களோடு தனியாகச் சண்டை போட்டவர். நாட்டின் மிக உயர்ந்த விருது பெற்றவர், அவருடைய உடலும் கிடைக்கவில்லை. கூட இருந்தவர்கள் அவரை "பிரதர்" என்றுதான் கூப்பிடுவார்களாம், எல்லோரையும் அவர் அப்படி அழைத்ததால். பாட்டியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆறுதலாக இருக்குமா தெரியாது, ஆனால் தம்பியைச் சரியாகத் தேடவில்லையோ என்ற குறை சிலருக்கு உள்ளுக்குள் இருக்கும், அது கொஞ்சம் இறங்கும்.

எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல மாதிரி நம்முடைய நடுகல்தான். திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு கல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34ஆவது ஆட்சி ஆண்டு. கருந்தேவக்கத்தி என்ற வீரன் தொறு (மாட்டு மந்தை) மீட்கும் சண்டையில் செத்தான் என்று ஆண்டு, அரசன், ஆள், காரணம் எல்லாம் நாலு வரியில். அதோடு கோவிவன் என்ற அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்று நாயின் பெயரையும் வெட்டி, நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். 1,400 வருடம் ஆயிற்று. வானம் பிளந்தது, பூமி அதிர்ந்தது என்று எதுவும் இல்லை. அந்த நாய் போதும், அவன் நம் தெருக்காரன் மாதிரி ஆகிவிடுகிறான். சென்னையிலேயே பார்க்க வேண்டும் என்றால் நந்தம்பாக்கத்தில் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு மாலை போய் வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்த 800க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வரிசையாக இருக்கிறார்கள். பெயர், ரேங்க், தேதி, வயது, சிலவற்றில் கீழே வீட்டார் கொடுத்த ஒரு வரி. முதல் உலகப் போர்க் கல்லறைகளுக்கு அந்த வரி 66 எழுத்தைத் தாண்டக்கூடாது என்று கணக்கு வைத்திருந்தார்கள். உங்கள் நாலு பக்கத்தை எழுதும் முன், பாட்டியை 66 எழுத்தில் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். நாலு பக்கத்துக்கும் தலைப்பு அதிலேயே கிடைத்துவிடும்.

பாட்டியிடம் பேசும்போது போரிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கடைசி லீவில் என்ன சாப்பிட்டார், சென்ட்ரலில் வழியனுப்ப யார் போனார்கள், யாரிடம் கடன் வைத்திருந்தார், பாட்டியை எப்படிக் கூப்பிடுவார் என்று கேளுங்கள். ஃபோனில் ரெக்கார்டரைப் போட்டு ஓரமாக வைத்துவிடுங்கள், கையில் நோட்டு வேண்டாம். அரை மணிக்கு மேல் போக வேண்டாம், மறுநாள் தொடரலாம். மறுநாள் அவரே கூப்பிட்டு "நேத்து ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்பார். சரக்கு அதில்தான் இருக்கும்.

அந்தப் புகைப்படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து எடுத்து அனுப்புங்கள். மார்பில் ரிப்பன் ஏதாவது இருந்தால் அதை மட்டும் தனியாகக் கிட்டத்தில் எடுங்கள். சட்டத்திலிருந்து கழற்ற முடிந்தால் பின்பக்கமும் வேண்டும், அந்தக் கால ஸ்டுடியோக்காரர்கள் ஊர் பெயரோடு முத்திரை குத்தியிருப்பார்கள். ஹைதராபாத் ஸ்டுடியோ என்றால் ஹகிம்பேட்டையில் ஜெட் பயிற்சியில் இருந்தபோது எடுத்ததாக இருக்கலாம், ஜாம்நகர் என்றால் அதற்குப் பிந்தையது. பதக்கத்தின் விளிம்பில் இருக்கும் எண்ணை இங்கே பொதுவில் போடாதீர்கள், தனியாக அனுப்புங்கள்.